டாஷ்போர்டு சொல்லும் மைலேஜ், பம்ப் சொல்லும் மைலேஜ்: மியாட்டாவில் கணக்கு எங்கே இடிக்கிறது?

அமெரிக்காவில் மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "வண்டி 33 காட்டுது, ரசீதை வச்சுக் கணக்குப் போட்டா 31தான் வருது." எதிர்ப்பக்கம் புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் குறைவு. இந்தக் குறிப்பை 2019-இல் வந்த 181 குதிரைத்திறன் 2.0 லிட்டர் எஞ்சினும் ஆறு கியர் மேனுவலும் கொண்ட மாடலை மனதில் வைத்து எழுதுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் லேபிளில் அதற்கு கேலனுக்கு ஊருக்குள் 26, நெடுஞ்சாலையில் 34, இரண்டும் சேர்ந்து 29 மைல். நம் ஊர்க் கணக்கில் 29 என்றால் லிட்டருக்கு 12.3 கிலோமீட்டர் சொச்சம். டேங்க் கொள்ளளவு 11.9 கேலன், அதாவது 45 லிட்டர். வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை ஒன்றுதான்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம். மைலேஜ் என்பது தூரத்தை எரிபொருளால் வகுத்து வரும் எண். டாஷ்போர்டும் நீங்களும் தூரத்துக்கு ஒரே ஓடோமீட்டரைத்தான் நம்புகிறீர்கள். எரிபொருளுக்கு மட்டும் சாட்சி வேறு: உங்களுக்குப் பம்ப், வண்டிக்கு அதன் கம்ப்யூட்டர். ஆகவே இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தவறு எரிபொருள் கணக்கில் இருக்கிறது. தூரக் கணக்கில் தவறு இருந்தால் இரண்டு எண்களும் சேர்ந்தே பொய் சொல்லும், இடைவெளி தெரியாது. வண்டி உண்மையிலேயே அதிகம் குடித்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இது இல்லாமல்தான் பலரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டு, ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, எண் அப்படியே இருக்கிறதே என்று தலையைச் சொறிகிறார்கள்.

டாஷ்போர்டு எப்போதும் கொஞ்சம் கூடவே காட்டுகிறது

முதலில் சரியாக அளந்தீர்களா என்று பாருங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஒரு தடவை 'க்ளிக்' என்றதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் அமுக்கவேண்டாம். அங்கேயே ட்ரிப் மீட்டரையும் சராசரி மைலேஜையும் பூஜ்ஜியமாக்குங்கள். கால் டேங்க் மிஞ்சும் வரை ஓட்டிவிட்டு அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்க, மறுபடி ஒரு க்ளிக் வரை நிரப்புங்கள். உதாரணத்துக்கு ட்ரிப் 262 மைல், உள்ளே போனது 9.4 கேலன் என்றால் உண்மை மைலேஜ் 27.9. டாஷ்போர்டு 29.3 காட்டினால் அது 5 சதவீதம் கூடச் சொல்கிறது.

ஐந்து சதவீதம் என்பது கோளாறு அல்ல. 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் வசதி கட்டாயம். அந்த விதியே அதற்கு ±5 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. சட்டமே விடும் இடைவெளிக்காக சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போட்டால் எடுபடாது.

ஏன் கூடக் காட்டுகிறது? டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை அளக்க வண்டியில் மீட்டர் எதுவும் கிடையாது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எத்தனை மில்லிவினாடி திறந்திருந்தது, அப்போது அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, "இவ்வளவு போயிருக்கும்" என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்த இன்ஜெக்டர் ஆலைக் குறிப்பில் உள்ளதைவிட இம்மியளவு தாராளமாக ஊற்றினால், புகையை மோப்பம் பிடிக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திறக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லும். எஞ்சினுக்குக் கலவை சரியாகிவிடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் குறைந்த நேரம்தான் ஏறும். செலவு குறைவு, மைலேஜ் அதிகம் என்று டாஷ்போர்டு மகிழ்ச்சியாகச் சொல்லும்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகக்கூடாது என்பதால் கரி நிரப்பிய ஒரு டப்பாவில் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரிக்கிறார்கள். இதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்தான். ஆனால் இன்ஜெக்டர் வழியாக வரவில்லை, அதனால் அந்த அளவு கணக்கில் ஏறாது. வெயில் காலத்தில் ஆவி அதிகம், இடைவெளியும் கொஞ்சம் அகலும்.

"ஸ்பீடோமீட்டர் கூடக் காட்டுகிறது, அதனால்தான் மைலேஜும் கூடத் தெரிகிறது" என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. பொருந்தாது. ஸ்பீடோமீட்டரை வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கிவைப்பது உண்மைதான். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் விதி, அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. ஆனால் மைலேஜ் கணக்குக்குப் போவது ஓடோமீட்டர் தூரம். அதில் அந்தத் தூக்கல் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும், உங்கள் ரசீதுக் கணக்கையும் அது அதே அளவு தூக்கியிருக்கும்.

செய்யவேண்டியது: நாலைந்து டேங்க்குக்கு இடைவெளியைச் சதவீதமாகக் குறித்துவையுங்கள். 4, 5, 5, 6 என்று வந்தால் உங்கள் வண்டியின் இயல்பு அது. இனி டாஷ்போர்டு எண்ணில் 5 சதவீதத்தைக் கழித்துப் படித்தால் போதும். இந்த இயல்பு மாறினால்தான் கவலைப்படவேண்டும்.

ஒரு டேங்க்குக்கு 1 சதவீதம், அடுத்த டேங்க்குக்கு 10 சதவீதம்

இது பெரும்பாலும் வண்டியின் பிரச்சினை இல்லை, நிரப்பும் விதத்தின் பிரச்சினை. மியாட்டாவின் டேங்க் சின்னது. 9 கேலன் நிரப்பும் இடத்தில் பம்ப் அரை கேலன் முன்பே நின்றுவிட்டால் கணக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஓடிவிடும். சரிவான தரை, வேகமாக ஊற்றும் பம்ப், நுரை என்று எதுவும் அதைச் செய்யும். பாதி டேங்க்கில் நிரப்புகிறவர்களுக்கு இதே அரை கேலன் இரண்டு மடங்கு பிழை. பெரிய டேங்க் உள்ள பிக்கப் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு.

பம்ப்பையே சந்தேகிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் பயன்பாட்டில் இருக்கும் பம்ப்புக்கு 5 கேலனில் 6 கன அங்குலம் வரை பிழை அனுமதி, அதாவது அரை சதவீதம். முத்திரை ஒட்டி, சோதனைத் தேதி எழுதியிருப்பார்கள். எப்போதாவது ஒரு பம்ப் மோசமாக இருக்கலாம். ஆனால் 10 சதவீத ஆட்டத்துக்கு பம்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது.

வெப்பநிலையும் சிறிது விளையாடும். பெட்ரோல் 10 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும்.

தீர்வு எளிது. ஒற்றை டேங்க்கை நம்பாதீர்கள். ஒரு தடவை குறைவாக நின்ற பம்ப்பின் கடன் அடுத்த தடவை கழிந்துவிடும். அதனால் ஐந்தாறு டேங்க்கின் மொத்த மைலை மொத்த கேலனால் வகுங்கள். மைலேஜ் எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கவேண்டாம், அங்கேதான் இன்னொரு குழி இருக்கிறது. ஊருக்குள் 180 மைல் 20 என்ற கணக்கில் ஓடி, நெடுஞ்சாலையில் 180 மைல் 36 என்ற கணக்கில் ஓடினால், சராசரி 28 என்று தோன்றும். உண்மையில் செலவானது 9 கேலனும் 5 கேலனும். 360-ஐ 14-ஆல் வகுத்தால் 25.7. "வண்டி ஏமாற்றுகிறது" என்று சொல்லும் சிலரின் எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏமாற்றுவது அந்தச் சூத்திரம்தான்.

டயர் மாற்றிய நாளிலிருந்து எண் வேறுமாதிரி

இங்கே தூரம்தான் சந்தேக நபர். 17 அங்குலச் சக்கரம் உள்ள மியாட்டாவில் ஆலையிலிருந்து வருவது 205/45 ஆர்17, விட்டம் சுமார் 616 மில்லிமீட்டர். ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) ஆர்வலர்கள் 245/40 ஆர்17 போடுவார்கள். அதன் விட்டம் 628. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கிட்டத்தட்ட 1.9 சதவீதம் அதிகம் போகிறது, ஓடோமீட்டருக்கு அது தெரியாது. டாஷ்போர்டும் ரசீதுக் கணக்கும் இரண்டுமே 1.9 சதவீதம் குறைத்துச் சொல்லும், நடுவில் இடைவெளி மாறாது. தேய்மானம் எதிர்ப்பக்கம் இழுக்கும். புது டயரின் 8 மில்லிமீட்டர் பட்டை 1.6 வரை தேய்ந்தால் விட்டம் 2 சதவீதம் சுருங்கி, ஓடாத தூரத்தையும் ஓடியதாக ஓடோமீட்டர் சேர்க்கும். தேய்ந்த டயரைக் கழற்றிப் புதிய அகல டயர் போட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 4 சதவீதம் அடிக்கிறது. அவர் "புது டயர் மைலேஜைச் சாப்பிட்டுவிட்டது" என்பார். ஒட்டும் ரப்பர் கொஞ்சம் சாப்பிடத்தான் செய்யும், ஆனால் முழுப்பழியும் அதற்கில்லை.

கண்டுபிடிக்க மூன்றாவது சாட்சி வேண்டும். இன்டர்ஸ்டேட் சாலையோரத்தில் மைல் எண் பலகைகள் இருக்குமே, 20 மைல் நீளத்துக்கு அவற்றையும் ட்ரிப் மீட்டரையும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் போனில் ஜிபிஎஸ் செயலி. ஓடோமீட்டர் 20 மைலுக்கு 19.6 காட்டினால் உங்கள் எல்லா எண்களையும் 1.02-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். வளைந்து நெளியும் மலைச்சாலையில் ஜிபிஎஸ் சோதனை செய்யாதீர்கள், அது வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும்.

ஒரே நாளில் எண் எகிறிவிட்டது

பேட்டரியைக் கழற்றினீர்களா? சராசரி அழிந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். அப்புறம் நீங்கள் போன முதல் பயணம் நெடுஞ்சாலை என்றால் கனவு எண்தான் தெரியும். ஒரு டேங்க் போகட்டும்.

20 சதவீதம் என்று சுளையாக ஏறியிருந்தால் அலகு அமைப்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. கனடாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்த வண்டிகளில் இது நடக்கும். வண்டியின் மேல் தப்பில்லை, அங்கே 'கேலன்' என்றால் அதுதான்.

உடனடி மைலேஜ் காட்டும் பட்டை உச்சிக்குப் போய் நிற்பது கோளாறே இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் முழுவதுமாக மூடிக்கொள்ளும். செலவு பூஜ்ஜியம் என்பதால் எண்ணுக்கு உச்சவரம்பே இல்லை. நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் ஐடிலில் பெட்ரோல் குடிக்கும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு மிச்சம் பிடிப்பது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்.

டாஷ்போர்டு குறைவாகக் காட்டுகிறது, ரசீது நன்றாக இருக்கிறது

சந்தோஷப்பட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், குறிப்பாக முன்பெல்லாம் கூடக் காட்டிய வண்டி இப்போது குறைத்துக் காட்டினால். இன்ஜெக்டர் அடைக்கத் தொடங்கியிருக்கலாம். கம்ப்யூட்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டுகிறது, நேரத்துக்கேற்ற பெட்ரோல் போனதாகவே எழுதிக்கொள்கிறது, உண்மையில் போவது அதைவிடக் குறைவு.

ஓபிடி ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஒன்றைச் செருகி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நீண்டகால ஃபியூயல் ட்ரிம்மைப் பாருங்கள். ஆலைக் கணக்கைவிடப் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கம்ப்யூட்டர் ஊற்றச் சொல்கிறது என்பதுதான் அது. சுழியத்தை ஒட்டி, கூடவோ குறையவோ சில சதவீதம் என்றால் நிம்மதி. கூட்டல் பக்கம் 10-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. ஆனால் கூட்டல் ட்ரிம் என்றாலே இன்ஜெக்டர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இன்டேக் குழாயில் காற்று கசிந்தாலும், காற்றளவு சென்சார் அழுக்கேறினாலும் (எண்ணெய் தடவிய ஆஃப்டர்மார்க்கெட் ஃபில்டர் போட்டவர்கள் கவனிக்கவும்) ட்ரிம் ஏறும். வித்தியாசம் இதுதான்: காற்றுப் பிரச்சினையில் கூடுதலாகப் போகும் பெட்ரோல் நிஜமாகவே போகிறது, கணக்கிலும் ஏறுகிறது. ஆகவே டாஷ்போர்டுக்கும் ரசீதுக்கும் நடுவிலான இடைவெளி பழையபடியே இருக்கும். ட்ரிம்மும் ஏறி இடைவெளியும் மாறியிருந்தால் இன்ஜெக்டர் பக்கம் அல்லது எரிபொருள் அழுத்தத்தின் பக்கம் போங்கள். பல மாதம் எழுதிவைத்த சதவீதக் குறிப்பு இந்த இடத்தில்தான் காசு மிச்சப்படுத்தும்.

இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் இரண்டுமே மோசம்

இப்போது வண்டி உண்மையிலேயே குடிக்கிறது. இருந்தாலும் முதலில் வண்டியை அல்ல, ஓட்டத்தைப் பாருங்கள்.

லேபிளின் 34 எந்த வேகத்துக்கு என்று நினைக்கிறீர்கள்? அதற்கு அடிப்படையான நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 48 மைல், உச்சம் 60. 2008 மாடல் ஆண்டிலிருந்து வேகமான ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணைத் திருத்துகிறார்கள் என்றாலும், நாள் முழுக்க 80-இல் போகிறவருக்காக எழுதிய லேபிள் அல்ல அது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-லிருந்து 75-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். மியாட்டாவின் எடை குறைவு, ஆனால் காற்றைக் கிழிப்பதில் அது சூரன் கிடையாது, கூரையைத் திறந்தால் இன்னும் மோசம். அந்தக் கூரைக்காகத்தானே வாங்கினோம் என்பவர்களிடம் எனக்கு எதிர்வாதம் இல்லை. நிதானமாக 60-65-இல் போகிறவர்களுக்கு இதே வண்டி லேபிளைத் தாண்டியும் தரும்.

குளிர் அடுத்தது. வெளியே 20 டிகிரி பாரன்ஹீட் என்றால், 77 டிகிரியில் கிடைத்ததோடு ஒப்பிட ஊர் ஓட்டத்தில் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. மூன்று நான்கு மைல் போய் நிறுத்தும் பயணங்களில் 24 சதவீதம் வரை. ஜனவரி எண்ணை ஜூலை எண்ணோடு ஒப்பிடாதீர்கள், போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

பெட்ரோல். அமெரிக்க பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்தது, கலக்காததைவிட 3 சதவீதம் போல மைலேஜ் குறையும். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 13:1, பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறார்கள். அங்கே 91 என்று போட்டிருப்பது இந்தியப் பங்க்கில் பார்க்கும் ஆக்டேன் எண் முறையில் 95-ஐ ஒட்டி வரும். 87 ஊற்றினால் எஞ்சின் நாக் (பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்துத் தட்டும் சத்தம்) வராமல் இருக்கத் தீப்பொறியைத் தள்ளிப்போடும், சக்தியும் மைலேஜும் கொஞ்சம் போகும்.

இவையெல்லாம் இல்லையென்றால் வண்டிக்குக் கீழே குனியுங்கள். டயர் காற்று: எச்சரிக்கை விளக்கு கால்வாசி குறைந்த பிறகே எரியும், அதற்கு முன்பே நட்டம் தொடங்கிவிடும். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவைக் குளிர்ந்த டயரில் சரிபாருங்கள். அப்புறம் பிரேக். பத்து மைல் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் காலிபர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய தலைமுறை மியாட்டாக்களில் பின்பக்கக் காலிபர் இறுகுவது பெயர்போன விஷயம். ட்ராக்குக்காகச் சக்கர அலைன்மென்ட்டை மாற்றிவைத்து அப்படியே அலுவலகம் போய்வருகிறவர்கள் டோ அளவை (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) பாருங்கள், டயரும் சேர்ந்து தேயும்.

குளிர்விக்கும் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது. குளிர் எஞ்சினுக்கு வேண்டிய செழிப்பான கலவை போய்க்கொண்டே இருக்கும். ஹீட்டர் வெதுவெதுப்பாக மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் பி0128 என்ற குறியீடு பதிவாகும்.

பெட்ரோல் வாசம் அடித்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அது மைலேஜ் விஷயம் இல்லை.

மீதமுள்ள மைல் எண் குதிக்கிறது

டேங்க் நிரப்பியதும் ஒரு நாள் 380, இன்னொரு நாள் 290 என்று காட்டுகிறதா? அது முன்னறிவிப்பு, அளவீடு அல்ல. சமீபத்தில் எப்படி ஓட்டினீர்கள் என்பதை வைத்து மீதியை ஊகிக்கிறது. ட்ராக்கில் ஒரு மதியம் முழுக்க 7,500 ஆர்பிஎம்மில் அடித்துவிட்டு நிரப்பினால் பயமுறுத்தத்தான் செய்யும். பூஜ்ஜியம் காட்டிய பிறகு எத்தனை மைல் போகும் என்று சோதிக்கும் விளையாட்டு வேண்டாம். டேங்க்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப்பின் மோட்டாரைக் குளிர்விப்பதே அங்கிருக்கும் பெட்ரோல்தான்.

ட்யூன் செய்த பிறகு டாஷ்போர்டு 40 சொல்கிறது

நம்பாதீர்கள். டர்போ கிட் போட்டுப் பெரிய இன்ஜெக்டர் மாட்டியிருந்தால், ஒரு மில்லிவினாடிக்கு எவ்வளவு ஊற்றும் என்ற அளவை ட்யூன் கோப்பில் (எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் புது அமைப்பு) மாற்றியிருக்கவேண்டும். சில ட்யூனர்கள் எஞ்சின் ஓடும் பகுதியை மட்டும் சரிசெய்துவிட்டு, டாஷ்போர்டுக்குப் போகும் செலவுக் கணக்கைப் பழையபடி விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் பிரமாதமாக ஓடும், எண் மட்டும் கற்பனை. உங்கள் ட்யூனரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். திருத்த முடியாது என்றால் ரசீதுக் கணக்கு ஒன்றுதான் கதி. எத்தனால் பெரும்பங்கு கலந்த இ85 ஊற்றுகிறவர்களுக்கு மைலேஜ் கால்வாசி போவது எரிபொருளின் குணம், அதற்காக ட்யூனரைத் திட்டவேண்டாம்.

சரி, இத்தனையும் பார்த்தும் புரியவில்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும் என்றால் "மைலேஜ் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு "சோதித்தோம், எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பதில் தயாராகவே இருக்கும். ஐந்தாறு டேங்க்கின் மொத்த மைல், மொத்த கேலன், டாஷ்போர்டு காட்டிய எண், இடைவெளி எந்த மாதத்திலிருந்து மாறியது, சூடான எஞ்சினில் ட்ரிம் எவ்வளவு, டயர் அளவு என்ன என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ரசீதுகளின் போட்டோவும் போனில் இருக்கட்டும்.